தொட்டபெட்டாவில் இருபது நிமிஷம்

(மே மாதம். வில்லியனூர் மாதா கோயில் பக்கத்தில் ஒரு சின்ன டிராவல்ஸ் கடை. பலகையில் ‘ஊட்டி 2 நாள், 6 பாயிண்ட்’. உள்ளே வேன்காரர். எதிரே பாகூர் டீச்சர். கழுத்தில் தாலிக்கொடி, அதற்கு மேலே பைனாகுலர்.)

வேன்காரர்: வெள்ளிக்கிழமை ராத்திரி பத்துக்கு வண்டி எடுத்துடுவோம் டீச்சர். விழுப்புரம், சேலம், மேட்டுப்பாளையம். விடிஞ்சா குன்னூர்ல டிபன். அப்புறம் பொட்டானிக்கல் கார்டன், ரோஸ் கார்டன், படகு, தொட்டபெட்டா, டீ ஃபேக்டரி, சாக்லேட் கடை.

டீச்சர்: தொட்டபெட்டாவுல எவ்ளோ நேரம் நிப்பாட்டுவீங்க?

வேன்காரர்: இருபது நிமிஷம்.

டீச்சர்: டீ ஃபேக்டரியில?

வேன்காரர்: ஒண்ணரை மணி நேரம்.

டீச்சர்: ஏண்ணே, 2,637 மீட்டர் சிகரத்துக்கு இருபது நிமிஷம், டீத்தூளுக்கு ஒண்ணரை மணி நேரமா?

வேன்காரர்: சிகரம் நமக்கு என்னா டீச்சர் குடுக்குது?

(கமிஷன் என்ற சொல்லை அவர் விழுங்கினார். விழுங்கிய சத்தம் வெளியே கேட்டது.)

டீச்சர்: நான் வர்றதே பறவை பாக்கத்தான்.

வேன்காரர்: பறவையா! பாகூர் ஏரிய பக்கத்துல வெச்சுகிட்டா? இதோ இங்க ஊசுட்டேரி இருக்கு. 2008லயே சரணாலயம்னு அறிவிச்சாச்சு. ஷேர் ஆட்டோவுல போற எடத்த விட்டுட்டு...

டீச்சர்: இந்த அறிவுரைய எங்க வீட்டுக்காரர் காலைலயே சொல்லிட்டாரு. பாகூர் ஏரிய நான் விட்டுடல. பொங்கலுக்குப் பொங்கல் கரையில நின்னு எண்ணி எழுதுறேன். தமிழ்நாடும் புதுச்சேரியும் சேந்து 2015லேந்து நடத்துற கணக்கெடுப்பு அது. சொர்ணாவூர் அணைலேந்து பங்காரு வாய்க்கால்ல தண்ணி வந்துதுன்னா நாமக்கோழி, நீர்க்காகம், நத்தைகுத்தி நாரை எல்லாம் அதுங்களாவே வந்துடும். நீலகிரி சிரிப்பான் வாய்க்கால்ல வராது. உலகத்துலயே அந்த மலை மேட்டுல மட்டும்தான் இருக்கு. கொடைக்கானல்ல இருக்குறதுகூட வேற இனம்.

வேன்காரர்: சிரிப்பானா? எதுக்கு சிரிக்குது?

டீச்சர்: உங்க டைம்டேபிளப் பாத்துதான்.

வேன்காரர்: சரி, உங்களுக்காக இருபத முப்பதாக்குறேன். பன்னெண்டு மணிக்கு ஏறுவோம், பன்னெண்டரைக்கு எறங்கிடணும்.

டீச்சர்: உச்சி வெயில்ல பறவை எல்லாம் கம்முன்னு கெடக்கும். விடிஞ்சு ரெண்டு மணி நேரந்தான் அதுங்களோட கச்சேரி.

வேன்காரர்: அப்ப வண்டிக்குள்ள நம்ம ஆளுங்க குறட்டைக் கச்சேரி நடக்கும் டீச்சர்.

டீச்சர்: ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு என்ன மட்டும் தொட்டபெட்டா ரோட்டுல சோலை ஓரமா எறக்கி விடுங்க. நேரம் கம்மியா இருக்குறவங்க அலையவே கூடாது. ஒரே எடத்துல அசையாம நிக்கணும். கறுப்பும் ஆரஞ்சுமா ஒரு ஈப்பிடிப்பான் இருக்கு. நிழல்ல, புதருக்குள்ள, முழங்கால் உயரத்துலதான் உக்காந்திருக்கும். எல்லாரும் அண்ணாந்து பாத்துகிட்டே அதத் தாண்டிப் போயிடுவாங்க.

வேன்காரர்: காட்டெருமை வரும் டீச்சர். ஊட்டிக்குள்ளயே சுத்துது. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா பாகூர்ல நான் எப்படித் தலைகாட்டுவேன்? வேணும்னா திரும்பும்போது எதாச்சும் கேளுங்க. சீசன்ல ஒருவழிப் பாதை, குன்னூர்ல ஏறி கோத்தகிரியில எறங்கணும்.

டீச்சர்: கோத்தகிரியா! அங்க லாங்வுட் சோலை இருக்கு. 116 ஹெக்டேர். 2024 ஜனவரியில ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியல்லயே சேத்துட்டாங்க. வனத்துறைல அனுமதி வாங்கிட்டு...

வேன்காரர்: அங்க கடை இருக்கா?

டீச்சர்: இல்ல.

வேன்காரர்: பாத்ரூம்?

டீச்சர்: காடுண்ணே அது.

வேன்காரர்: கடையும் இல்ல, பாத்ரூமும் இல்லன்னா அது எப்படி டீச்சர் பாயிண்ட் ஆவும்? ஏற்கனவே இ-பாஸ் வாங்கறதுக்குள்ள நாக்கு தள்ளுது. 2024 மே 7லேந்து கோர்ட் உத்தரவு. அடுத்த சீசன்ல அதுக்கும் மேல, வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 வண்டிதான்னுட்டாங்க. கல்லாறுல பிளாஸ்டிக் பாட்டிலுக்கு வேற சோதனை. நம்ம பாண்டிச்சேரி வண்டியப் பாத்தாலே அவங்க தேடுறது வேற பாட்டில்!

டீச்சர்: எட்டாயிரம் வண்டி ஆரன் அடிச்சா எந்தப் பறவைதான் நிக்கும்?

வேன்காரர்: நிக்குதே! தொட்டபெட்டா பார்க்கிங்ல குப்பைத் தொட்டிகிட்ட ஒரு கூட்டம் எப்பவும் கெடக்கும். பஜ்ஜித் துண்டு, சோளக்கட்டை எல்லாத்தையும் கொத்தும். கெக்கெக்கேன்னு ஒரே சத்தம், கூத்துல கட்டியங்காரன் வந்த மாதிரி. மைனா அளவு இருக்கும், ஆனா மைனா இல்ல.

டீச்சர்: (எழுந்து நின்று) வயிறு என்ன நிறம்?

வேன்காரர்: செங்கல் நிறம்.

டீச்சர்: கண்ணுக்கு மேல?

வேன்காரர்: வெள்ளையா ஒரு கோடு, விபூதி இழுத்த மாதிரி. ஏன் டீச்சர், உக்காருங்க.

டீச்சர்: அண்ணே, அதாண்ணே நீலகிரி சிரிப்பான்!

வேன்காரர்: அதுவா? அதை நான் வருஷக்கணக்கா ‘சூ’ன்னு வெரட்டிகிட்டு இருக்கேனே! வண்டி மேல அசிங்கம் பண்ணி வெச்சுடும்.

(வெளிநாட்டிலிருந்து லென்ஸும் முக்காலியுமாக வந்து தேடுகிற பறவையை, துடைப்பத்தோடு துரத்துகிறவர்தான் அதிகம் பார்த்திருக்கிறார். டீச்சருக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.)

டீச்சர்: எத்தனை மணிக்கு வரும்?

வேன்காரர்: பஜ்ஜி எப்ப வருதோ அப்ப. (செல்போனை எடுத்து) தம்பி, நோட்டீஸ் அச்சுக்குப் போயிடுச்சா? நிறுத்து. ஆறு பாயிண்ட்ட ஏழாக்கு. ‘உலகில் வேறெங்கும் காணக் கிடைக்காத சிரிக்கும் பறவை தரிசனம்’னு பெருசாப் போடு. தலைக்கு அம்பது ரூபா கூட. பறவை வரலன்னா பணம் வாபஸ் இல்லன்னு அடியில பொடி எழுத்துல போடு. (போனை வைத்து) உங்களுக்கு டிக்கெட்ல நூறு குறைச்சுக்கறேன் டீச்சர். நீங்கதான் கைடு.

டீச்சர்: கைடா நான் சொல்ற மொத விஷயம், யாரும் அங்க பஜ்ஜியக் கீழ போடக் கூடாது. எண்ணெய்ப் பண்டம் அதுங்களுக்கு ஆவாது. கண்ட குப்பையும் தின்னப் பழகிட்டா காக்கா, நாய்னு கூடவே வரும், கூட்டுல இருக்குற முட்டை, குஞ்சு எல்லாம் போயிடும்.

வேன்காரர்: அது சரி. பஜ்ஜி போடாம அம்பது ரூபா வாங்குனவன் என்னா டீச்சர் பண்ணுவான்?