பெட்டிக்காரன் சொல்லுத புத்தி

மருமவனே, நம்ம குடும்பத்துல பெட்டித் தொழில் பாக்கது ரெண்டே பேரு. நான் தாராவியில பழைய அட்டைப்பெட்டியை வாங்கி, பிரிச்சு, உள்பக்கத்தை வெளிப்பக்கமாத் திருப்பி, பின் அடிச்சு விக்கேன். நீ செம்பூர்ல புதுப் பெட்டியை வாங்கி, பிரிக்காம, அலமாரியில அடுக்கி, யாருக்கும் விக்காம வச்சிருக்க. ரெண்டுல ஒன் தொழில்தான் ஒசத்தி. சரக்கு தேங்குனா எனக்கு ராத்திரித் தூக்கம் வராது. ஒனக்குத் தேங்குனாத்தான் தூக்கமே வருது.

போன தடவ வந்தப்ப, ஒன் பொஞ்சாதி காப்பி போட உள்ள போன நேரம் பாத்து அலமாரிக்கிட்ட போனேன். தொடலை. கையைப் பின்னால கட்டிக்கிட்டுத்தான் பாத்தேன். தொட்டா நீ என்னா துடி துடிப்பேன்னு எனக்குத் தெரியாதா? பீட்டில்ஸ், பிங்க் ஃபிளாய்டு, லெட் செப்பலின்னு ஒவ்வொருத்தனுக்கும் பாட்டுத்தட்டு அடைச்ச ஒரு பெட்டி, பாக்ஸ் செட்டாம். அதுல டீலக்ஸ்னு ஒரு சாதி, சூப்பர் டீலக்ஸ்னு ஒரு சாதி. ஊருலதான் சாதி போகலைன்னு நெனச்சேன், ராக் பாட்டுலயும் மேல் சாதி கீழ் சாதி வச்சிட்டானுவ.

அளவு எனக்குக் கண்ணுலயே பிடிபடும். பெரிய இசைத்தட்டு பன்னெண்டு அங்குலம். சுத்தி அட்டையைக் கூட்டுனா, படுக்கப் போட்ட பெட்டி ஒரு சதுர அடிக்கு மேலயே எடம் பிடிக்கும். செம்பூர்ல சதுர அடி அஞ்சு இலக்கத்துல போகுது. ஆக, பெட்டிக்குன்னு ஒரு விலை, பெட்டி குடியிருக்க எடத்துக்குன்னு ஒரு விலை. இங்கன தாராவியில இடிச்சுக் கட்டித் தாரோம்னு சொல்லுதாங்களே, தகுதியுள்ள குடும்பத்துக்கு 350 சதுர அடி. அப்பன், ஆத்தா, ரெண்டு பிள்ள, ஒரு கெழவி, கேஸ் அடுப்பு, முருகன் படம், எல்லாம் அதுக்குள்ளதான். தகுதிக்கு ஒரு காகிதம் கேக்கான், காகிதத்துக்கு இன்னொரு காகிதம் கேக்கான். ஒன் வீட்டுல பிங்க் ஃபிளாய்டுக்கு ஒரு காகிதமும் இல்லாம எடம் கெடைச்சிருச்சு. லண்டன்காரன் குடுத்து வச்சவன்.

நிக்க வச்சா எடம் மிச்சமாகுமேன்னு கேட்டேன். "நிக்க வச்சா முதுகு மட்டுந்தான் தெரியும் மாமா, மூஞ்சி தெரியாது"ன்னு சொன்ன. சரிதான். ஒன் பொஞ்சாதி மூஞ்சியை அந்த அளவுக்கு நீ பாத்திருந்தா, அவ ஏன் எங்கிட்டப் புலம்பப் போறா?

பிங்க் ஃபிளாய்டோட அந்த 'டார்க் சைடு ஆஃப் த மூன்' கதையைக் கொஞ்சம் பேசுவோம். 1973ல வந்தது. முழுசாக் கேட்டா 43 நிமிசம், தாதர்ல ஏறி கல்யாண் போறதுக்குள்ள முடிஞ்சிரும். காலேஜுல படிச்சப்ப கேசட்டு வாங்குன, சம்பளம் வந்ததும் சீடி வாங்குன. 2011ல பெட்டி வந்துச்சு. ஆறு தட்டு, புத்தகம், அதோட மூணு கறுப்புக் கோலிக்குண்டு, கோலியைப் போட்டுவைக்க ஒரு பை, டம்ளருக்கு அடியில வைக்க அட்டைங்க, கழுத்துல சுத்த ஒரு துண்டு. பம்பாய் வெக்கையில கழுத்துல துண்டு! முருகன் கோயில் கும்பாபிசேகத்துக்காவது அதைச் சுத்திக்கிட்டு வந்தியா? 2023ல அம்பது வருசம் ஆச்சுன்னு இன்னொரு பெட்டி போட்டான். அதையும் வாங்குன. நிலாவுக்கு இருட்டுப் பக்கம் ஒண்ணுதான். ஒன் அலமாரியில அது கூடிக்கிட்டே போகுது.

இத்தனைக்கும் பிங்க் ஃபிளாய்டுல இருந்த ரோஜர் வாட்டர்ஸே 2007 பிப்ரவரியில நம்ம பம்பாய்க்கு வந்து, பாந்த்ரா குர்லா மைதானத்துல அந்த ஆல்பம் அம்புட்டையும் வாசிச்சிட்டுப் போனான். மித்தி ஆத்துக்கு அந்தக் கரை அவன், இந்தக் கரை நாங்க. காத்து எங்க பக்கம் திரும்புனப்பெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வந்துச்சு. நடுவுல நாய் கொலைச்சுச்சு, குக்கர் விசிலடிச்சுச்சு. கேட்டது ஓசியிலதான். ஆனா கேட்டோம்லா?

அமெரிக்காவுல கிரேட்ஃபுல் டெட்டுன்னு ஒரு கோஷ்டி உண்டாம், நீதான் சொன்ன. 1972ல ஐரோப்பாவுல 22 கச்சேரி பண்ணியிருக்கு. ஒண்ணு விடாம அதை 73 தட்டுல ஏத்தி, டிரங்குப் பெட்டி ஒண்ணுல அடைச்சு, 7,200தான் போடுவோம்னு சொல்லி 2011ல வித்திருக்கானுவ. அது கெடைக்கலையேன்னு இன்னமும் பெருமூச்சு விடுத. ஏலே, அதே காலத்துலதான் நானும் நாங்குநேரியில இருந்து டிரங்குப் பெட்டியோட தாதர்ல வந்து எறங்கினேன். உள்ள ரெண்டு சாரம், ஒரு துண்டு, ஆத்தா சுட்டுக் குடுத்த முறுக்கு. ஒலகத்துல அது ஒண்ணே ஒண்ணுதான் உண்டு, நம்பர் கூடப் போடலை. இப்பமும் என் கட்டிலுக்கு அடியில கெடக்கு. வெலை சொல்லட்டா?

இந்த பாக்ஸ் செட்டுல என்னத்தைத்தான் விக்கான்னு எனக்கு மட்டுப்பட ரொம்ப நாளாச்சு. பாட்டை விக்கலை. பாட்டு ஒங்கிட்ட ஏற்கெனவே மூணு நாலு தடவ இருக்கு. பாடும்போது, "சரியா வரலை, தள்ளு, இன்னொண்ணு எடு"ன்னு பாடுனவனே ஒதுக்குனான் பாரு, அதைத்தான் விக்கான். மூணாவது டேக்கு, ஆறாவது டேக்கு, இருமுனது, சிரிச்சது. கல்யாண வீட்டுல சமையக்காரன் உப்புப் பாத்துட்டு ஒதுக்கி வச்ச சாம்பாரை, அம்பது வருசம் கழிச்சு வெள்ளிக் கிண்ணத்துல ஊத்தி, "மாப்ள வீட்டாருக்கு மட்டும்"னு சொல்லிப் பரிமாறுத கணக்குத்தான். நீ அதையும் குடிக்கலை. கிண்ணத்தை மூடியே வச்சிருக்க.

சிரிச்சிக்கிட்டே போயிருவேன். ஆனா ஒன் வாயால நீ சொன்ன ஒரு விசயந்தான் என்னைத் தூங்க விடலை. அந்தத் தள்ளுபடிச் சரக்குல நம்ம ஊருச் சரக்கும் இருக்கு.

1968 சனவரியில பீட்டில்ஸ்காரன் ஜார்ஜ் ஹாரிசன் பம்பாய்க்கு வந்தான். ஃபோர்ட்டுல ஃபெரோஸ்ஷா மேத்தா ரோட்டுல எச்.எம்.வி. ஸ்டூடியோ. 'வொண்டர்வால்'னு ஒரு படத்துக்கு இசை பிடிக்க வந்தவன், கூடவே இன்னொரு பாட்டுக்கும் மேளதாளத்தைப் பிடிச்சுக்கிட்டான். நம்ம ஆளுங்க சரோடு, ஷெனாய், ஆர்மோனியம்னு உக்காந்து வாசிச்சிருக்காங்க. வெளிய ஓடுன டாக்சிச் சத்தங்கூட அந்தப் படத்து இசைத்தட்டுல விழுந்திருக்குன்னு ஹாரிசனே சொல்லியிருக்கான். அந்த இன்னொரு பாட்டுல புல்லாங்குழல் யாரு? ஹரிபிரசாத் சௌராசியா. 1988ல இளையராசா 'நத்திங் பட் விண்ட்' போட்டப்ப வாசிச்சாரே, அவரேதான். அதைப் பிடிச்சுக்கிட்டு லண்டன் போயி, மேல குரலைப் பாடிச் சேத்து, 'தி இன்னர் லைட்'னு 'லேடி மடோனா'வுக்குப் பின்பக்கத்துல மார்ச்சுலயே விட்டுட்டான். 2018ல பீட்டில்ஸோட வெள்ளை ஆல்பத்துக்கு அம்பது வருசம்னு பெட்டி வந்துச்சுல்லா? ஆறு சீடி, ஒரு ப்ளூரே, 164 பக்கத்துல புத்தகம். அதுல ஆறாவது சீடியில, பாட்டுக்குரல் இல்லாம, நம்ம ஆளுங்க வாசிச்சது மட்டும் தனியா இருக்கு.

இது ஒண்ணுன்னா பரவால்ல. 1972ல லெட் செப்பலின்ல இருந்து ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளாண்டும் வந்து, இங்கன சினிமாவுக்கு வாசிக்கிற ஆளுங்களைக் கூட்டி அவனுங்க பாட்டு ரெண்டை வாசிக்க வச்சிருக்கானுவ. 'ஃபிரெண்ட்ஸ்' ஒண்ணு, 'ஃபோர் ஸ்டிக்ஸ்' இன்னொண்ணு. வயலினு, தபலா எல்லாம் வச்சு. எடுத்துட்டுப் போயிப் பரண்ல போட்டானுவ. 2015ல 'கோடா' ஆல்பத்தை டீலக்ஸா விட்டப்பதான் அது வெளிய வந்துச்சு. பாட்டுப் பேருக்குப் பக்கத்துல பாம்பே ஆர்க்கெஸ்ட்ரான்னு போட்டிருக்கு. அம்புட்டுத்தான், ஒட்டுமொத்தமா ஒரே பேரு. அந்தக் காலத்துல சினிமா வயலின்காரங்கள்ல கோவாக்காரங்க நெறைய. காலையில தாதர் ஸ்டூடியோவுல ஒரு பாட்டு, சாயங்காலம் செம்பூர் ஆர்.கே. ஸ்டூடியோ பக்கம் ஒரு வேலைன்னு பெட்டியும் கையுமா லோக்கல்ல தொங்கிக்கிட்டுப் போவாங்க. அந்தப் பெட்டிக்குள்ள வயலினாவது இருந்துச்சு.

இப்ப கணக்குப் பாரு. இங்கன வாசிச்ச எடத்துல இருந்து செம்பூருக்கு டாக்சி பிடிச்சா ஒரு மணி நேரம். அந்த ஆர்க்கெஸ்ட்ராச் சத்தம் லண்டன் போயி, 43 வருசம் இருட்டுல கெடந்து, டீலக்ஸ் பட்டம் வாங்கி, கப்பல் ஏறி, சுங்கத்துல வரி கட்டி ஒன் வீடு வந்து சேந்திருக்கு. "கேட்டியா மருமவனே, எப்பிடி இருக்கு?"ன்னு ஆசையாக் கேட்டேன். நீ என்னலே சொன்ன? "சீலை ஒடைச்சா மதிப்புப் போயிரும் மாமா."

மதிப்பைப் பத்தி எங்கிட்டயா பேசுத? மாதுங்காவுல, கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு பெரியவரு தவறிப்போனாரு. சண்முகானந்தா சபாவுல எந்தக் கச்சேரின்னாலும் முன் வரிசையில இருக்கக்கூடிய மனுசன். பிள்ளைங்க வெளிநாடு, ஒரு வாரத்துல வீட்டைக் காலி பண்ணணும். பழைய சாமான் எடுக்குத பங்கார்க்காரன் கூப்பிட்டான், அட்டை இருக்குமேன்னு நானும் போனேன். செவுரு முழுக்க இசைத்தட்டு. எம்.எஸ். அம்மா, ஜி.என்.பி., நடுநடுவுல வெள்ளைக்காரன் பாட்டு. உறையில எல்லாம் காப்பி டம்ளர் வட்டம், பென்சில்ல தேதி. ஒண்ணுல, "மழை, கரண்ட் போய்விட்டது, பாதியில் நின்றது"ன்னு எழுதியிருந்தாரு. சோர் பஜார் மட்டன் ஸ்ட்ரீட்ல இருந்து ஒருத்தன் வந்து, ஒவ்வொண்ணா வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தான். கீறல் விழுந்ததுக்கு அஞ்சு பத்து, பளபளன்னு இருந்ததுக்குக் கூடுதல். அதாவது பெரியவரு ஆசைப்பட்டுக் கேட்டதுக்கு வெலை இல்ல, பிடிக்காம ஒதுக்கி வச்சதுக்குத்தான் வெலை. அந்தக் கணக்குல பாத்தா நீ கோடீஸ்வரன்தான், நான் இல்லைங்கலை.

மிச்சம் எங்கன போச்சுன்னு கேக்கியா? நம்ம தாராவிப் பதிமூணாம் காம்பவுண்டுக்கு. அங்கன ஒரு பொம்பளை பிளாஸ்டிக்கைத் தட்டிப் பாத்து, மோந்து பாத்து, இது இன்ன சாதின்னு சொல்லிருவா. அவளுக்கு மொஹம்மத் ரஃபியும் ஒண்ணுதான், மிக் ஜாகரும் ஒண்ணுதான். அந்தக்கால அரக்குத் தட்டைத்தான் எடுக்க மாட்டா, அது அவ தொழிலுக்கு ஆகாது.

காலா கோடாவுல ரிதம் ஹவுஸ் பாட்டுக்கடையை 2016ல மூடுனப்ப நீ கண் கலங்குன, ஞாபகம் இருக்கா? மூடுறதுக்கு முன்ன அங்கன எப்ப வாங்குன, சொல்லு பாப்போம். எல்லாம் லண்டன்ல இருந்து கூரியர்ல வந்துச்சு. பொறவு அந்தக் கடையை நீரவ் மோதி கம்பெனி வாங்க, அமலாக்கத்துறை வந்து முடக்குச்சு. பாட்டுக்கடையே சீலோட நின்னுச்சு. அன்னிக்கு நீ அழுதிருக்கக் கூடாது, மதிப்புக் கூடுதுன்னு சிரிச்சிருக்கணும்.

சேகரிக்காதேன்னு நான் சொல்லவே மாட்டேன். நீ வாங்குனா எனக்கு லாவம். கூரியர்ல மேல ஒரு அட்டை, உள்ள ஒரு அட்டைன்னு ரெட்டைப் பெட்டியா வருது. வெளிநாட்டு அட்டை நீள நாரு, அஞ்சு பிளை, ஈரம் பட்டாலும் லேசுல தொய்யாது. நம்ம ஊரு அட்டை நாலு தடவ அரைச்ச கூழு. அதனால நீ மாசம் ஒண்ணு தவறாம வாங்கு. வீட்டுல கேட்டா, முதலீடுன்னு சொல்லு. தங்கமும் முதலீடுதானேன்னு அவ கேப்பா, அதையாவது கழுத்துல போட்டுக்கிட்டுப் போலாமேன்னும் கேப்பா. அப்ப அந்தப் பிங்க் ஃபிளாய்டு துண்டை எடுத்து அவ கழுத்துல போட்டுரு. அதுக்குப் பொறவு நடக்கதுக்கு நான் பொறுப்பில்ல. இப்ப நவி மும்பையிலயே தட்டு அச்சடிக்கிற ஆலை வந்திருச்சுன்னு கேள்விப்பட்டேன், இனிமே கூரியர் செலவும் மிச்சம். சிக்கனமா அழியலாம்.

ஞாயித்துக்கிழமை காலையில வாரேன். மாதுங்கா மார்க்கெட்டுல வெத்தலையும் முருங்கைக்காயும் வாங்கிக்கிட்டு அப்படியே வாரேன், ஒன் பொஞ்சாதிகிட்ட சாம்பார் வைக்கச் சொல்லு. எனக்கு அந்த ஆறாவது சீடி வேணும், சௌராசியா குழலு வேணும், பொறவு அந்தப் பாம்பே ஆர்க்கெஸ்ட்ரா ரெண்டையும் போடணும். நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியும். "மாமா, வீட்டுல சீடி போடுத மிஷினே இல்ல, லேப்டாப்புலயும் அதுக்கு வாயி கெடையாது, போன்லயே கேட்டுருவோம்"னு நழுவப் பாப்ப. அதெல்லாம் யோசிச்சிட்டேன். பங்கார்ல பழைய டிவிடி பிளேயர் ஒண்ணு வந்துச்சு. தொண்ணூறு அடி ரோட்டுல ரிப்பேர்காரன்கிட்டக் குடுத்து ஓட வச்சாச்சு, கரகரன்னாலும் பாடுது. அதை நானே தூக்கிட்டு வாரேன். சீலை ஒடைக்க எங்க கோடவுன் பிளேடையும் நானே கொண்டாரேன்.