99 பென்ஸ் மாவீரர்

மதுரை அண்ணா நகர் உழவர் சந்தையில் அன்றைய விலை எழுதிய பலகை தொங்கும். 1999இல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை அங்கேதான் தொடங்கியது. இடைத்தரகரும் வேண்டாம், பேரமும் வேண்டாம் என்பதற்காகத்தான் அந்தப் பலகையே. நம்மவர் அதற்கு நேர் கீழே நின்றுகொண்டு பேரம் பேசுவார். கத்திரிக்காயில் இரண்டு ரூபாய் இறங்கும்வரை நகரமாட்டார். இறங்கிய பிறகு கறிவேப்பிலையைக் கொசுறாகக் கேட்பார். ஏலச்சீட்டிலும் இதே சாமர்த்தியம்தான். மற்றவர்கள் பிள்ளையின் காலேஜ் ஃபீஸுக்காக அடித்துப்பிடித்துத் தள்ளி எடுக்கும்போது, இவர் முறுக்கைக் கடித்தபடி கடைசி மாதம்வரை உட்கார்ந்திருந்து முழுத்தொகையையும் வாங்கி வருவார். 58 வயதுவரை இவரிடம் ஒரு ரூபாய் கூடுதலாக வாங்கியவர் எவரும் இல்லை.

அப்படிப்பட்டவர் இப்போது இணைய ஏலத்தில் கைக்கடிகாரம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கடிகாரம் எச்.எம்.டி. பைலட். கறுப்பு டயல், தினமும் சாவி கொடுக்க வேண்டியது. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்துப் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய அரசு நிறுவனம் எச்.எம்.டி. ஒரு தலைமுறைக்கு மாப்பிள்ளைக்குப் போடுவதும் அதுதான், பணி ஓய்வு விழாவில் மாலையோடு கொடுப்பதும் அதுதான். 2016இல் கடிகாரப் பிரிவை மூடினார்கள். கடைசிக் காலத்தில் அதைச் சீந்தாத ஊர், மூடியதும் அதைத் தேட ஆரம்பித்தது. நம்மவரும் தேடுகிறார். அப்பாவின் பைலட்டை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு பேட்டரி வாட்ச் வாங்கிவந்தவர் இவரேதான் என்பதை வீட்டில் இப்போது யாரும் பேசுவதில்லை.

ஈபேயின் இந்தியத் தளம் 2018இல் மூடப்பட்டுவிட்டதால், அவர் போய் நிற்பது பிரிட்டன் தளத்தில். லெஸ்டர் நகரத்தில் யாரோ ஒருவர் மேசை டிராயரிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார். தொடக்க விலை 99 பென்ஸ். நம்மவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்க்கிறார். நூறு ரூபாய் சொச்சம்! தொடக்க விலை என்பது விலை அல்ல, உள்ளே வரச்சொல்லும் அழைப்பு என்று அவருக்கு எடுத்துச் சொல்ல அந்த அறையில் ஆள் இல்லை. மனத்துக்குள் கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டு அலுவலகத்துக்கே போய்விட்டார்.

இங்கே ஏலத்தின் சூட்சுமத்தைச் சொல்லிவிட வேண்டும். நமக்குத் தெரிந்த ஏலத்தில் ஒருவர் நின்று 'ஒரு தரம், ரெண்டு தரம்' என்று கூவுவார். கேட்பவரும் கூடவே கத்த வேண்டும். ஈபேயில் அந்தச் சிரமம் கிடையாது. அதிகபட்சம் எவ்வளவு தருவீர்கள் என்று ஒருமுறை சொன்னால் போதும். கணினி அதை ரகசியமாக வைத்துக்கொண்டு, எதிராளி ஏற்றும்போது மட்டும் உங்கள் சார்பில் தேவையான அளவு ஏற்றிக் கேட்கும். 60 பவுண்ட் வரம்பு சொன்னவர், அடுத்த ஆள் 30இல் நின்றுவிட்டால் 31க்கே வாங்கிப்போகலாம். இந்த மாதிரி ஏலத்தில் மனத்தில் இருக்கும் விலையை ஒளிக்காமல் சொல்வதே புத்திசாலித்தனம் என்பதற்கான கணக்கை வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் 1961இலேயே எழுதிவைத்தார். 1996இல் நோபல் பரிசும் வாங்கினார்.

நோபல் பரிசு வாங்கினால் ஆயிற்றா? மனசில் இருக்கிற விலையை முதல் பேச்சிலேயே சொல்கிறவன் மதுரையில் பிழைக்க முடியுமா? நம்மவர் கணினியையும் கடைக்காரனாகவே நினைக்கிறார். வரம்பு கேட்கும் கட்டத்தில் 12 பவுண்ட் என்று போடுகிறார். 'உங்களை மிஞ்சிக் கேட்டுவிட்டார்கள்' என்று அந்த நொடியே பதில். 13. மிஞ்சிவிட்டார்கள். 14. மிஞ்சிவிட்டார்கள். எதிரே இருப்பவர் எப்போதோ 40 என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். பதில் சொல்வது இயந்திரம். இது தெரியாத நம்மவர், யாரோ ஒருத்தன் கண்கொட்டாமல் உட்கார்ந்துகொண்டு தன்னை மட்டம் தட்டுவதாக நினைத்து, பற்களைக் கடித்தபடி ஒவ்வொரு பவுண்டாக ஏறுகிறார். தூங்குகிறவரோடு இவ்வளவு ஆக்ரோஷமாக யாரும் சண்டை போட்டதில்லை.

எதிராளியின் பெயரும் முழுதாகத் தெரியாது. 'ம***4' என்று நட்சத்திரங்களுக்குள் ஒளிந்திருப்பார். பக்கத்தில் அவர் பெற்ற மதிப்பீடுகளின் எண்ணிக்கை, இரண்டாயிரத்துச் சொச்சம். நம்மவருக்குப் பக்கத்தில் பூஜ்யம். அந்தப் பூஜ்யம் உறுத்துகிறது. கடிகாரம் மெல்லப் பின்னால் போய், ம***4 முன்னால் வந்து நிற்கிறார்.

இதில் நம்மவர் தனி ஆள் அல்ல. யங் ஹான் லீ, உல்ரிக்கே மால்மென்டியர் என்ற இரு ஆய்வாளர்கள் 2004ஆம் ஆண்டின் ஈபே ஏலங்களைப் பிரித்து மேய்ந்து, 2011இல் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே பொருள், ஒரே தளம். ஏலத்திலும் இருக்கிறது, நிலையான விலையிலும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனாலும் 42 சதவீத ஏலங்கள் அந்த நிலையான விலையைத் தாண்டி முடிந்தன. அனுப்பும் செலவையும் சேர்த்தால் 73 சதவீதம். அதாவது, கண்ணை ஓரமாகத் திருப்பியிருந்தால் குறைந்த விலைக்கே கிடைத்திருக்கும் பொருளை, மல்லுக்கட்டிக் கூடுதல் விலைக்கு எடுத்திருக்கிறார்கள். அந்தப் பொருள் என்ன தெரியுமா? 'கேஷ்ஃப்ளோ 101' என்ற பலகை விளையாட்டு. பணத்தை எப்படி நிர்வகிக்க வேண்டும் என்று கற்றுக்கொடுப்பது.

பிரிட்டனில் ஏலம் ஞாயிறு இரவு எட்டு மணிக்கு முடிகிறது. குளிர்காலமானால் நமக்கு அது திங்கள் அதிகாலை ஒன்றரை. நம்மவர் அலாரம் வைக்கவில்லை, தூங்கினால்தானே அலாரம்?

"ஏங்க, லைட்டை அணைச்சிட்டுப் படுங்களேன். ஆபீஸ்ல ஆடிட்டா?"

"மாதிரிதான்."

கடைசி நிமிடம். 41 பவுண்ட், நம்மவர் கை ஓங்கி நிற்கிறது. பூஜை அறைப் பக்கம் ஒரு பார்வை. நான்கு நொடி மிச்சமிருக்கும்போது மூன்றாவது ஆள் ஒருவர், ஒரு வாரமாகச் சத்தமே காட்டாதவர், ஓர் அடி அடித்து எடுத்துப்போய்விடுகிறார். இதற்கு 'ஸ்னைப்பிங்' என்று பெயர், ஒளிந்திருந்து சுடுவது. இதற்காகவே மென்பொருள்கள் உண்டு. முடிவு நேரம் அசையாத ஈபேயில் கடைசி நொடிக் கேள்விகள் குவிந்ததையும், யாராவது கேட்டால் நேரம் நீண்டுகொண்டே போன அமேசான் ஏலத்தில் அது குறைவாக இருந்ததையும் ஆல்வின் ராத், ஆக்சல் ஓக்கன்ஃபெல்ஸ் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் 2002இல் ஒப்பிட்டு எழுதினார்கள். நம் வங்கிகள் வாராக்கடன் வீடுகளை இணையத்தில் ஏலம் விடும்போதும் கடைசி நேரத்தில் கேள்வி வந்தால் சில நிமிடம் நீட்டிக்கின்றன. நம்மவருக்கு இந்த நியாயமெல்லாம் காதில் ஏறவில்லை. அன்று அலுவலகத்தில் அவரிடம் மாட்டிய கோப்புகளெல்லாம் 'திருப்பி அனுப்புக' என்ற குறிப்போடு திரும்பின.

அடுத்த பைலட்டுக்கு அவர் ஆயத்தமாகவே வந்தார். முன்பு ஒவ்வொரு பவுண்டாக ஏறியவர், இப்போது கடைசி பத்து நொடியில் 75 என்று போட்டார். ம***4 எங்கோ 57இல் நின்றிருந்ததால் 58க்கு முடிந்தது. ஜெயித்துவிட்டீர்கள் என்று தளம் வாழ்த்தியது. வேறெந்தக் கடையிலாவது பில் போட்டுவிட்டு ஜெயித்தீர்கள் என்பார்களா?

ஆனால் பொருள் விவரத்தை அவர் படிக்கவில்லை. புதியவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், நேரத்தைப் பார்ப்பார்கள், விலையைப் பார்ப்பார்கள், எழுத்தைப் பார்க்கமாட்டார்கள். 2013 டிசம்பரில் இங்கிலாந்து இளைஞர் ஒருவர் ஈபேயில் எக்ஸ்பாக்ஸ் ஒன் விளையாட்டுக் கருவி என்று நினைத்து 450 பவுண்ட் கட்டினார். வந்து சேர்ந்தது எக்ஸ்பாக்ஸின் புகைப்படம். விவரத்தில் புகைப்படம் என்றே எழுதியிருந்தது. பிறகு பணம் திரும்பக் கிடைத்தது. அந்த அதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்க்காது. ஈபேயின் பிறப்பிலேயே இப்படி ஒரு கதை உண்டு: 1995இல் அதை நிறுவிய பியர் ஒமிட்யார் சோதனையாக விற்ற முதல் பொருள் உடைந்துபோன லேசர் பாயின்டர், 14.83 டாலருக்குப் போனது. உடைந்ததென்று தெரியுமா என்று வாங்கியவரிடம் கேட்டாராம். உடைந்த லேசர் பாயின்டர்களைத்தான் சேர்க்கிறேன் என்றாராம் அவர். அவர் விவரம் படித்தவர்.

ஏல வேகத்தில் ஹரியானாக்காரர் ஒருவர் நம்மவரையும் தூக்கிச் சாப்பிட்டவர். 2025 நவம்பரில் 'எச்ஆர்88பி8888' என்ற வண்டி எண், 50,000 ரூபாயில் தொடங்கிய இணைய ஏலத்தில் 1.17 கோடிக்குப் போனது. வண்டி அல்ல, எண் மட்டும். நாடே வாய்பிளந்து முடித்தபோது, கெடுவுக்குள் பணம் வரவில்லை. முன்வைப்புத் தொகை போயிற்று, எண் மறு ஏலத்துக்கு வந்தது. நம்மவர் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, "நான் கேட்டா கேட்டதுதான். கட்டிருவேன்" என்றார் பெருமையாக.

கட்டவும் செய்தார். 58 பவுண்ட். அஞ்சல் செலவு தனி. அந்நியச் செலாவணிக்காக வங்கி அட்டை எடுத்துக்கொண்டது தனி. சுங்க வரி, அதன் மேல் ஜி.எஸ்.டி. பெங்களூரில் பிறந்த கடிகாரம், லெஸ்டர் போய், வெளிநாட்டுச் சரக்காக வரி கட்டி மதுரைக்குத் திரும்பியது. தபால்காரர் வந்தபோது வீட்டில் இருந்தது மனைவி.

"வரி கட்டணுமாம். வாட்ச் எவ்வளவுங்க?"

"அம்பத்தெட்டு" என்றார் நம்மவர் போனில்.

"ரூபாயா?"

"வந்து சொல்றேன், வாங்கி வை."

டவுன்ஹால் ரோட்டில் தெரிந்த வாட்ச் ரிப்பேர்க்காரர் லென்ஸைக் கண்ணில் பொருத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "சார், மெஷின் ஒரிஜினல். முள்ளு வேற வாட்ச்சோடது. டயலை எங்கேயோ புதுசா அடிச்சிருக்கான், எழுத்து பாருங்க, ஒரு பக்கம் சாயுது." பழைய எச்.எம்.டி.களுக்கு டயலைப் புதிதாக அச்சடித்து விற்பது ஒரு தனித் தொழில். அதிகம் அடிபடுவது கறுப்பு டயல் பைலட்தான். விவரத்தின் கடைசி வரியில் 'டயல் புதுப்பிக்கப்பட்டது' என்று விற்றவர் எழுதியே இருந்தார்.

திருப்பி அனுப்பலாமே என்று மகன் சொன்னான். நம்மவர் கேட்கவில்லை. விற்றவருக்கு ஐந்து நட்சத்திரம் போட்டார். குறைத்துப் போட்டால், ஏமாந்தேன் என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்டதாகிவிடும் அல்லவா? கடிகாரம் ஒரு நாளைக்கு ஏழு நிமிடம் முந்துகிறது. அவர் ஏழு நிமிடம் முன்னதாக அலுவலகம் போகிறார்.

இனி ஏலப் பக்கமே போவதில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். போன ஞாயிறு சும்மா பார்க்கலாமே என்று திறந்தார். இன்னொரு பைலட், வெள்ளை டயல். அவருக்கு வெள்ளை பிடிக்காது. இரண்டாவது கடிகாரத்துக்குத் தேவையும் இல்லை. ஆனால் கேட்டவர் பட்டியலில் மேலே நின்றது நட்சத்திரங்கள் போட்ட ஒரு பெயர், பக்கத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம்.

"அவனேதான்" என்றார் நம்மவர், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.