ஈரச் சாக்கும் ஊர்க்கோழியும்: மலையகக் கோழிமுளையியலுக்கு ஒரு முன்னுரை

இலங்கையின் மலையகத்தைப் பற்றிய ஆய்வுகளுக்குப் பஞ்சமே இல்லை. தேயிலைக்கென்று 1925இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் இன்றும் தலவாக்கலையில் இருக்கிறது. 2023இல் மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டு ஆனதை ‘மலையகம் 200’ என்று நினைவுகூர்ந்தபோது கருத்தரங்குகள் நடந்தன, மலர்கள் வெளிவந்தன. அங்கெல்லாம் கோழி இடம்பெற்றது மதியச் சாப்பாட்டில் மட்டுமே. அந்தக் கோழி உயிரோடிருந்த காலத்தில் தின்ற முளைத்த நெல்லைப் பற்றி ஒரு பந்திகூட இல்லை. இந்த இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை. (இடைவெளி ஒன்றைக் கண்டுபிடித்தாலொழிய எந்த ஆய்வுக்கும் உயிர் வராது என்பது துறையறிந்தோர் துணிபு.)

முதலில் ஆய்வுக்களம். ‘கொல்லைப்புறக் கோழி வளர்ப்பு’ என்று நூல்கள் சொல்வதை இங்கே அப்படியே கையாள முடியாது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவும் முன்னால் ஓர் இஸ்தோப்பும் கொண்ட, தோட்டத் தொழிலாளரின் வரிசைவீடான லயத்தில் கொல்லைப்புறம் என்பது அடுத்த லயத்தின் முன்புறம். ஆகவே குடும்பத்துக்கு ஏழு பேர்ச் என்று சொல்லப்பட்ட காணி கைக்கு வந்து சேரும்வரை, கோழி நிற்கும் இடமே கொல்லைப்புறம் என்று தற்காலிகமாகக் கொள்ளப்படுகிறது.

அடுத்து மூலப்பொருள்கள். நெல்: தலையாயது, கீழே விரிவாக. சோளம்: நன்று, ஆனால் விதைப்புக்கென்று மருந்து பூசி விற்கும் சாயமேறிய சோளத்தைக் கோழியின் கண்ணில்கூடக் காட்டக் கூடாது. குரக்கன்: உண்டு. பயறு: முளைத்ததும் வீட்டார் தாளித்துத் தின்றுவிடுவதால் இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே போகிறது. உருளைக்கிழங்கு: நுவரெலியாவில் கேட்காமலே முளைவிடும், ஆனால் அந்த முளையிலும் பச்சைபிடித்த தோலிலும் சொலனின் என்ற நஞ்சு சேருவதால் விலக்கு.

முறையியல் வருமாறு. நெல்லைத் தண்ணீரில் கொட்டி, மிதக்கும் பதரை அள்ளிவிட்டு, ஓர் இரவு ஊறவிட வேண்டும். காலையில் நீரை வடித்து ஈரச் சாக்கில் கட்டிவைக்க வேண்டும் (மேல் லயத்து அம்மாயி, வாய்மொழி). காலையும் மாலையும் நீர் தெளிக்க வேண்டும். நாற்றம் அடித்தாலோ பூஞ்சணம் பூத்தாலோ தயங்காமல் கொட்டிவிட வேண்டும், பூஞ்சண நஞ்சு கோழியை முடக்கிவிடும் (அம்மாயி, வாய்மொழி, பீலிக்கரைப் பதிப்பு, தண்ணீர் இரைச்சலால் நடுவே நாலு சொல் சிதைந்துள்ளது). நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் குளிரில் நெல்லும் போர்வையை விட்டு எழ மறுக்கும். அதனால்தான் சாக்கை அடுப்புக்கு மேலே கட்டுகிறார்கள் (அம்மாயி, அடுப்படிப் பதிப்பு, திருத்தியதும் பெருக்கியதும், மருமகளின் மறுப்புரையுடனும், அம்மறுப்புரைக்கு அம்மாயி முணுமுணுத்த பதிலுரையுடனும், மெய்ப்புத் திருத்தம்: புகை).

விதைக்குள் நடப்பதையும் சொல்லியாக வேண்டும். நெற்பயிரை மட்டுமீறி நெட்டையாக்கும் ஒரு பூஞ்சையைக் குடைந்துகொண்டிருந்த ஜப்பானிய அறிஞர் குரோசாவா, அதற்குக் காரணம் பூஞ்சை சுரக்கும் ஒரு பொருள்தான் என்று 1926இல் காட்டினார். பிற்பாடு ஜிபரெலின் என்று பெயர்பெற்ற அப்பொருள் செடியிலும் ஊறுகிறது. விதையில் மாவைச் சர்க்கரையாக்கும் நொதிகளைக் கிளப்பிவிடுவதும் அதுதான். ஊறிய நெல் எடை கூடும், ஆனால் அதில் தண்ணீர்தான் கூடுகிறது. முளைக்கிற நெல் தன்னையே எரித்து மூச்சுவிடுவதால் உள்ளே இருந்த சரக்கு உண்மையில் குறைகிறது. முனைவர் பட்ட ஆய்வேடுகளிலும் இதே விளைவு காணக்கிடைக்கிறது.

இனி, இத்துறையை இரண்டாகப் பிளந்த பெரும் சர்ச்சைக்கு வருவோம். கோழி முதலில் கொத்துவது வேரையா, குருத்தையா?

மேல் லயத்தார் வேர்வாதிகள். நெல்லில் முதலில் வருவது வேர், முதலில் வந்ததை முதலில் தின்பதே முறை என்பது அவர்கள் கட்சி. கீழ் லயத்தார் குருத்துவாதிகள். முதலில் வருவதே குருத்துத்தான், வேரைப் பார்த்தவன் கண்ணில் கோளாறு என்பார்கள். பீலியில் குடம் வைக்கும் வரிசையில் தொடங்கிய இந்த வாதம் திருவிழாக் கூட்டம் வரை போனது. முளைப்பாரிச் சட்டியைச் சான்றாகக் கொண்டுவர முயன்ற ஒருவர், அம்மன் காரியத்தைக் கோழிக்கு இழுக்காதே என்று உட்காரவைக்கப்பட்டார் (கூட்டக் குறிப்பு, எழுதியவர் வேர்வாதி, எனவே எச்சரிக்கையுடன் கையாள்க). வடகலை, தென்கலை அளவுக்கு இது வளராததற்கு ஒரே காரணம், கோழிக்கு நெற்றி சிறிது.

இவ்வாய்வின் முடிபு இரு தரப்புக்கும் கசக்கும். காற்றோட்டமாக ஈரத்தில் கிடக்கும் நெல் முதலில் வேர்விடும். தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடந்தால் வேரை அடக்கிவைத்துக் குருத்தைத்தான் முதலில் நீட்டும். மேல் லயத்தார் வடித்துச் சாக்கில் கட்டினார்கள். கீழ் லயத்தார் வாளியிலேயே விட்டுவிட்டார்கள். ஒரு வாளியைக் கவிழ்த்திருந்தால் ஒரு தத்துவ மரபே பிறந்திருக்காது. கோழியின் நிலைப்பாடு தனி: அதற்குப் பல் கிடையாது, வேரும் குருத்தும் நெல்லும் ஒரே விழுங்கில் போய் அரைவைப்பையில் கல்லோடு கல்லாக அரைபடுகின்றன. இதை அம்மாயியிடம் விளக்கியபோது, “இதுக்குத்தான் படிச்சீங்களா தம்பி? அந்தக் கோழிய வெரட்டுங்க, அது பக்கத்துக் காம்பரா கோழி” என்றார் (பின்னிணைப்பாகச் சேர்க்கத்தக்கது).

பொருளாதாரப் பின்னணி பற்றிச் சுருக்கமாக: 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து சோள விளைச்சல் விழுந்தது, கோழித்தீன் விலை ஏறியது, 2023இல் நாடு இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்தது. அந்த நாட்களில் ஈரச் சாக்கு வைத்திருந்த வீட்டுக் கோழி கொத்துவதற்கு ஏதோ கொஞ்சம் இருந்தது. முளையை மட்டும் நம்பினால் போதாது, தவிடும் புழுவும் கிளிஞ்சல் தூளும் வேண்டும் என்பதையும் பதிவுசெய்கிறோம்.

காலை நீர்தெளிப்பு பற்றி மட்டும் இத்துறையில் நேரில் கண்டெழுதிய குறிப்பு இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை. அது பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போகுமுன், இருட்டோடு நடக்கிறது. கள ஆய்வாளர்கள் ஒன்பதரைக்கு ஹட்டனிலிருந்து புறப்படுகிறார்கள்.