வெள்ளிக்கிழமைத் தம்பி

சொந்தமாகப் பாட்டுப் போடும் இண்டி தம்பியைக் கண்டுபிடிப்பது சுலபம். கையில் கிடார் இருக்கும் என்று நினைக்காதீர்கள். லேப்டாப்பில் எக்செல் ஷீட் இருக்கும். பகலில் ஓ.எம்.ஆரில் வேலை. ராத்திரியில் வளசரவாக்கத்து மாடியறையில், எதிரொலிக்காமல் இருக்கச் சுவரில் மெத்தையைச் சாத்திவைத்த ஸ்டூடியோ. மெத்தை சுவரில் இருப்பதால் தூக்கம் கிடையாது. தூக்கம் இல்லாததால் திட்டம் போடுகிறார்.

பாட்டு மூன்று நிமிடம். திட்டம் ஆறு வாரம். வெளியீடு வெள்ளிக்கிழமைதான். 2015 ஜூலையில் இசைக் கம்பெனிகள் உலகம் முழுக்க வெள்ளியையே வெளியீட்டு நாளாக்கிவிட்டன. ஆனால் எந்த வெள்ளி? ஆடி வெள்ளி ஆகாது. அம்மன் பாட்டோடு மோத முடியாது. அடுத்த வெள்ளி பெரிய ஹீரோ படத்துப் பாட்டு வருகிறது. அதற்கடுத்தது மாதக் கடைசி. இலவசமாகக் கேட்கிற பாட்டுக்கு மாதக் கடைசி என்ன செய்யும் என்றேன். “ஆடியன்ஸ் மூடுண்ணே” என்றார்.

அம்மா காலண்டரைப் பார்த்தார். “வெள்ளிக்கிழமை பத்தரைலேருந்து பன்னெண்டு ராகுகாலம்டா.”

“ராத்திரி பன்னெண்டு மணிக்கே வந்துரும்மா.”

“அந்நேரத்துல எவன்டா பாட்டுக் கேப்பான்?”

எக்செல்லில் இதற்குப் பதில் இல்லை.

ஸ்பாட்டிஃபையில் பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்கு விண்ணப்பம் போட வேண்டும். பாட்டு வெளிவந்தபின் போட முடியாது. 7 நாளாவது முன்னால் போட்டால், ஆசிரியர்கள் கண்டுகொள்ளாவிட்டாலும், பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடார் என்ற புதுப்பாட்டுப் பட்டியலில் பாட்டு போய்ச் சேரும். தம்பி முன்கூட்டியே போட்டுவிடுகிறார். இது நூற்றுக்கு நூறு சரி. மிக்ஸிங் முடிந்த அன்றே ஏற்றிவிட்டு அப்புறம் முழிப்பவர்கள்தான் ஊரில் அதிகம். என்ன, பாட்டைப் பற்றி 500 எழுத்துக்குள் சொல்ல வேண்டும். பல்லவியை ஒரே ராத்திரியில் எழுதியவர், இந்த 500 எழுத்துக்கு நாலு ராத்திரி எடுத்துக்கொண்டார்.

பாட்டோடு சுழன்றுகொண்டிருக்கும் வீடியோ 8 விநாடிதான். அதற்காக விடியற்காலை நாலு மணிக்கு நண்பர்களைப் பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கிளப்பிக்கொண்டு போனார். கேமராவுக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்து நின்றார். இண்டி தம்பிகளுக்கு முகமே கிடையாது.

30 விநாடி ஓடினால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. ஆகவே வீணை முன்னிசையை வெட்டினார். பிறகு ஹம்மிங் போயிற்று. இப்போது பாட்டு எடுத்த எடுப்பில் பல்லவியின் பாதியில் தொடங்குகிறது. லேட்டாகத் தியேட்டருக்குள் நுழைந்த மாதிரி. வீணை நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் வரவு. 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஓடாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை ராயல்டி தருவதில்லை. போன பாட்டு தொள்ளாயிரத்துச் சொச்சத்தில் நின்றது. இந்த முறை திருச்சி மாமா தனியாளாக முந்நூறு தடவை கேட்டுத் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். அது பலிக்காது. குறைந்தபட்சம் இத்தனை பேர் கேட்டிருக்க வேண்டும் என்றும் விதி உண்டு. எத்தனை பேர் என்று மட்டும் வெளியே சொல்ல மாட்டார்கள்.

நாள் குறித்தாயிற்று, போஸ்டர் தயார், ப்ரீசேவ் லிங்க்கும் தயார். இரண்டாவது சரணம்தான் இன்னும் எழுதவில்லை.

லிங்க் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வரும். நெருப்பு எமோஜி போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அரை நிமிடம் தாண்டும்வரை கேளுங்கள்.