மண்மாற்றி

மடிப்பாக்கம் பக்கம் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். பணி ஓய்வு பெற்று, கொல்லையில் பத்துக்குப் பத்து இடம் வைத்திருப்பவர். தக்காளிச் செடி வாடினால் நாமெல்லாம் தண்ணீர் ஊற்றுவோம். இவர் ஒரு சிட்டிகை மண்ணைக் கிள்ளி, மூக்குப்பொடி மாதிரி மோந்துவிட்டு, "மண்ணு சரியில்ல சார்" என்பார்.

சரியில்லைதான். அடியில் ஏரிக் களிமண், அதன்மேல் மனையை உயர்த்தக் கொட்டிய ரப்பிஷ். மழையில் அல்வா, வெயிலில் செங்கல். ஓரடி தோண்டியதும் அவர் வீட்டு பாத்ரூமுக்குப் போட்டு மிஞ்சிய மயில்நீல டைல்ஸ் சில்லுகள் பல்லிளித்தன. காசு கொடுத்துத்தான் டிப்பரில் ஏற்றி அனுப்பினார்.

பத்துக்குப் பத்து, ஓரடி ஆழம். 100 கன அடி, ஒரு யூனிட். சொல்ல எளிது; எடை 4 டன் பக்கம் வரும். டிப்பர் தெருமுனையைத் தாண்டாது. அங்கிருந்து பாண்டு பாண்டாகத் தலைச்சுமை, அதுவும் ஹால் வழியாக. பழைய மண் வெளியே போக ஒரு கூலி, புது மண் உள்ளே வர ஒரு கூலி, டீ, வடை தனி. அவர் மனைவி மூன்று நாள் துடைப்பமும் கையுமாக நிற்பார். பேசமாட்டார்.

"தக்கைப்பூண்டு விதைச்சு, பூக்கிறப்போ மடக்கிக் கொத்திவிட்டா மண்ணு பொலபொலன்னு ஆகுமாமே?" என்றேன்.

"நாப்பத்தஞ்சு நாள் யார் சார் காத்திருக்கறது?"

ரிட்டையர் ஆகிப் பத்து வருஷமாகிறது.

எந்த மண்ணைப் போட்டாலும் ஊற்றுவது அதே உப்புக் கரிக்கும் போர் தண்ணீர்தானே என்று ஒருதரம் வாய்விட்டேன். ஒரு மாதம் முகம் கொடுக்கவில்லை.

இரண்டு தடவை மாற்றியதில் செலவு 31,400 ரூபாய் என்று டைரியில் எழுதி வைத்திருக்கிறார். காய்த்தது 14 தக்காளி. அதில் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது, தட்டில் வைத்து. அடக்க விலை 2,243 ரூபாய். ரசத்தில் போட மனசு வராமல் ஃபிரிட்ஜில் வைத்தோம், அழுகிவிட்டது.

போன மாதம் மூன்றாவது லோடு. "அசல் செங்கல்பட்டுச் செம்மண் சார். டிரைவர் நமக்குன்னு எடுத்து வெச்சது." மோந்து பார்த்து, கண்ணை மூடிக்கொண்டார்.

குவியலின் மேல்பக்கம் செம்மண்தான். நடுவில் சித்தாளின் மம்பட்டி 'ணங்' என்றது. மயில்நீலம்.

அவர் எடுத்து வேட்டியில் துடைத்தார். "இந்த டிசைன் இப்பல்லாம் வர்றதே இல்ல சார்" என்று மடியில் செருகிக்கொண்டார்.