டாப்பெட் சத்தமும் குடும்ப அமைதியும்

நடுவயதில் ஆண்களுக்கு வரும் கோளாறுகளில் சர்க்கரைக்கு மாத்திரை இருக்கிறது, ரத்தக் கொதிப்புக்கும் இருக்கிறது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் கோளாறுக்கு மட்டும் இங்கிலாந்தின் இலவச மருத்துவத்தில்கூட வழி இல்லை. எனக்கு வந்தது எம்ஜிபி. ஆபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய கார். அதனால், கிடைத்தற்கரிய பொருள் என்று சொல்லி வீட்டில் தப்பிக்கவும் முடியாது. துணிக்கூரை, இரண்டே இருக்கை. மூன்று பேர் உள்ள குடும்பத்துக்கு இதைத் தேர்ந்தெடுத்ததிலேயே என் தொலைநோக்கு விளங்கும்.

இந்த நாட்டில் 40 வயது தாண்டிய காருக்குச் சாலை வரி கிடையாது. வருடா வருடம் நடக்கும் எம்ஓடி சோதனையும் கட்டாயமில்லை. அரசாங்கமே கேள்வி கேட்பதை விட்டுவிட்டது. என் மனைவி விடவில்லை.

வாங்கியபோது எஞ்சின் அவ்வளவு அமைதியாக ஓடியது. வந்தவர் போனவரையெல்லாம் கராஜுக்கு அழைத்துப்போய், "ஓடுறதே தெரியுதா பாருங்க" என்று காட்டினேன். அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் சாதாரண ஆள். ஆனால் ஒர்க் ஷாப் மானுவல் ஒன்றையும் வாங்கிப் படுக்கையில் வைத்துப் படிக்கத் தொடங்கினேன். அதில் வால்வு இடைவெளி என்று ஓர் அத்தியாயம்.

எம்ஜிபியின் எஞ்சின் 1798 சிசி. நான்கு சிலிண்டர், எட்டு வால்வு. கேம் ஷாஃப்ட் கீழே பிளாக்குக்குள் கிடக்கும். அது டாப்பெட்டைத் தூக்கும். டாப்பெட் புஷ்ராடைத் தூக்கும். புஷ்ராடு ராக்கரின் ஒரு முனையைத் தூக்கும். ராக்கரின் மறுமுனை வால்வை அமுக்கும். ஒருவர் செய்யவேண்டிய வேலையை நான்கு பேர் கைமாற்றிச் செய்யும் ஏற்பாடு. பெரிய அலுவலகத்தில் குப்பை கொட்டுகிறவன் என்பதால் எனக்கு உடனே புரிந்தது.

ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே, எஞ்சின் ஆறியிருக்கும்போது, ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து அதில் 15 பங்கு இடைவெளி இருக்க வேண்டும். ஒர்க் ஷாப் பேச்சில் பதினஞ்சு தௌ; மில்லிமீட்டரில் 0.38. சூட்டில் வால்வு நீளும், நீளுவதற்கு இடம் வேண்டும். இடம் இல்லையென்றால் வால்வு முழுசாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு வாங்கும் சூடு கொஞ்சநஞ்சம் இல்லை. அதில் பெரும்பகுதியை அது இறக்கி வைப்பது, மூடி சீட்டில் அழுந்த உட்காரும் அந்தச் சின்ன நேரத்தில்தான். உட்கார விடவில்லையென்றால் ஓரம் கருகிவிடும். அப்புறம் ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

இதைப் படித்தவனுக்குத் தூக்கம் வருமா?

எட்டு வால்வையும் எந்த வரிசையில் சரிசெய்வது என்பதற்கு ஓர் அழகான கணக்கு உண்டு. முன்னாலிருந்து வால்வுகளுக்கு ஒன்று முதல் எட்டு வரை எண் கொடுக்க வேண்டும். எந்த வால்வு முழுசாக அமுங்கி நிற்கிறதோ, அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால் வருகிற வால்வைத்தான் இப்போது சரிசெய்யலாம். ஒன்று அமுங்கினால் எட்டு, மூன்று அமுங்கினால் ஆறு. கழித்தல் தெரிந்தால் போதும் என்பதால் நானும் தகுதி பெற்றேன். என் மகள் என்னைவிட வேகமாகக் கழிப்பாள் என்பதால், "அப்பா, அடுத்தது நாலு" என்று கராஜ் வாசலில் நின்று போன் பார்த்தபடியே மேற்பார்வை செய்தாள்.

எஞ்சினைக் கையால் சுற்றவும் வழி இருக்கிறது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, நான்காவது கியரில் போட்டு, காரை இம்மி இம்மியாகத் தள்ள வேண்டும். தள்ள ஆள் வேண்டும். குடும்பம் என்ற அமைப்பு வேறு எதற்கு இருக்கிறது? மனைவி தள்ளினாள். "போதும்", "இன்னும் கொஞ்சம்", "ஐயோ, தாண்டிடுச்சு" என்று நான் ஆணைகள் பிறப்பித்தேன். எங்கள் திருமண வாழ்வில் நான் சொன்ன திசையில் காரியம் நடந்த மிகச் சில பொழுதுகளில் அது ஒன்று.

ராக்கர் கவரைக் கழற்றிப் பார்த்தால், முக்கால்வாசி வால்வுகளில் பதினஞ்சு தௌ கேஜ் தகடு நுழையவே இல்லை. அத்தனையும் இறுக்கம். இடைவெளியைச் சரிசெய்யும் திருகை ஸ்க்ரூடிரைவரால் அசையாமல் பிடித்துக்கொண்டு ஸ்பேனரால் லாக் நட்டை இறுக்கினால், கடைசிக் கணத்தில் திருகும் கூடவே அசையும். மறுபடி அளந்து, மறுபடி இறுக்கி, எட்டையும் பதினஞ்சுக்குக் கொண்டுவந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு, வீட்டாரைச் சுற்றி நிற்க வைத்து, எஞ்சினைக் கிளப்பினேன்.

டிக்டிக்டிக்டிக்டிக்.

அதுவரை கனவான் மாதிரி மூச்சுவிட்டுக்கொண்டிருந்த எஞ்சின் வாய் ஓயாமல் தட்டத் தொடங்கியது. கேம் ஷாஃப்ட் எஞ்சினின் பாதி வேகத்தில்தான் சுற்றும். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் ஒவ்வொரு வால்வும் 1,500 முறை திறந்து மூடும். எட்டுக்கும் சேர்த்து 12,000. அதாவது நொடிக்கு 200. நொடிக்கு 200 முறை என் திறமையைப் பற்றிக் கருத்துச் சொல்லக்கூடியவர்கள் என் மனைவி வீட்டாரிலேயே கிடையாது.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. "முன்னாடி இப்படி இல்லையே" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள். பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பெரியவர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "கார் உற்சாகமாக இருக்கிறதே!" என்றார். இந்த நாட்டு மரியாதை இது. சொல்லிவிட்டு ஜன்னல்களைச் சாத்தப் போய்விட்டார்.

பிறகு நான் மனிதனாக இல்லை. நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, டாக்டர் போலக் கண்மூடி நின்றேன். ராக்கர் ஷாஃப்ட் தேய்ந்திருக்குமோ? எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட் ஒழுகினாலும் இதே டிக்டிக் வருமாமே, அதுவோ? ஒவ்வொரு ராத்திரியும் ஓர் உறுப்பின்மேல் சந்தேகம். ஒருநாள் நடுச்சாமத்தில் எழுந்து உட்கார்ந்து, "கேக்குதா?" என்றேன்.

"ஏங்க, அது சுவர்க் கடிகாரம்."

கடைசியில் பாளையங்கோட்டைக்குப் போன் போட்டேன். என் மாமா அம்பாசடர் டாக்ஸி வைத்திருந்த காலத்தில் அதைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக் அண்ணாச்சி அங்கே இருக்கிறார். அவரிடம் கேட்க நியாயம் உண்டு. அம்பாசடரில் பல காலம் ஓடிய 1489 சிசி எஞ்சினும் எம்ஜிபி எஞ்சினும் பிஎம்சி கம்பெனியின் பி சீரீஸ் என்ற ஒரே வம்சம். அந்த 1489 சிசி, எம்ஜிபிக்கு மூத்த எம்ஜிஏவில் 1955இலேயே வந்துவிட்டது. ஸ்போர்ட்ஸ் கார் என்று நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஓட்டிய எஞ்சின், மாமா ஜங்ஷனில் சவாரிக்கு நிறுத்தியிருந்த வண்டியின் தம்பி. இந்த உறவுமுறையை நான் வீட்டில் வெளியிடவில்லை.

சத்தத்தைப் பதிவுசெய்து வாட்ஸாப்பில் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"முந்தி சத்தமே இல்லையா தம்பி?"

"துளிகூட இல்ல அண்ணாச்சி."

"அப்பந்தான நீங்க பயந்திருக்கணும். டைட்டா கெடந்திருக்கு. இப்பந்தான் ராக்கர் வால்வ மூட வுடுது. தட்டுத வால்வு கருகாது தம்பி. கம்முன்னு கெடக்குத வால்வுதான் கருகும்."

"ஆனா இவ்வளவு சத்தமா?"

"எட்டும் ஒரே சீரா தட்டுதா, ஒண்ணு மட்டும் தனியா தட்டுதான்னு பாருங்க. ராக்கர் மொகம் தேஞ்சு குழி வுழுந்திருந்தா கேஜ் தகடு குழிக்குள்ள எறங்காது. மேல நின்னுக்கிட்டுப் பதினஞ்சுன்னு சொல்லும், உள்ள நெசத்துல கூட இருக்கும். எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொண்ணுலயா தகட்ட நொழைங்க. எதுல நொழைச்சா சத்தம் சட்டுனு அடங்குதோ அதான் திருடன்."

ராக்கர் கவர் இல்லாமல் எஞ்சினை ஓடவிட்டு, சட்டை முழுக்க ஆயில் புள்ளிகளோடு எட்டிலும் நுழைத்துப் பார்த்தேன். திருடன் அகப்படவில்லை. எட்டும் சம பங்கு தட்டின. அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"பொறவென்ன? ஓட்டுங்க. சத்தம் நின்னா மட்டும் கூப்புடுங்க."

வெற்றிக் களிப்போடு உள்ளே போய், இடைவெளியின் மகிமையை மனைவிக்கு விளக்கினேன். நெருக்கம்தான் ஆபத்து, சத்தம்தான் ஆரோக்கியம் என்றெல்லாம் பேசினேன். இந்த இடத்தில் கட்டுரை எழுதுகிறவர்கள், 'உறவுகளுக்கும் இப்படித்தான் இடைவெளி வேண்டும்' என்று ஒரு வரி சேர்ப்பார்கள். நான் சேர்க்கவில்லை. அவள் கட்டுரை படிக்கிறவள்.

முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "மழை ஆரம்பிச்சதுலேருந்து பாத்ரூம் கதவு ஊதிப்போய்த் திறக்கவே மாட்டேங்குது. அதுக்கு எத்தனை தௌ விடணும்னு உங்க புஸ்தகத்துல போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை. பதிலுக்குக் காத்திராமல் அவளே தச்சரை வரவழைத்தாள். அவர் கதவின் ஓரத்தை இழைத்துக் கொடுத்துவிட்டு, எம்ஜிபிக்கு நான் அந்த மாதம் வாங்கிய கேஸ்கட்டைவிடக் கொஞ்சம் அதிகமாகக் காசு வாங்கிக்கொண்டு போனார்.

அன்றிரவு காற்று வீசியது. கதவு நிலையில் மோதி டொக்டொக்கென்று தட்டத் தொடங்கியது. எழுந்து உட்கார்ந்தேன்.

"கேக்குதா? கதவு தட்டுது."

அவள் திரும்பிக்கூடப் படுக்கவில்லை. "தட்டினா நல்லதுன்னு அண்ணாச்சி சொல்லியிருக்காரு. நின்னா எழுப்புங்க."