முதலில் மெஷின், பிறகு தேவை

உங்கள் பல்கலைக்கழகத்துக்கு எவ்வளவு உயர்திறன் கணினி வசதி வேண்டும் என்று மதிப்பிடக் குழு போட்டிருக்கிறார்கள். ஒருங்கிணைப்பாளர் நீங்கள்தான். வாழ்த்துகள்! பாதி வேலையை இப்போதே சரியாகத்தான் செய்துவருகிறீர்கள். மீதிக்கு இந்த எட்டுப் படிகள் போதும்.

1. தொகையில் தொடங்குங்கள்.
எவ்வளவு நிதி மிச்சம்? மார்ச் 31-க்கு இன்னும் எத்தனை நாள்? இவை இரண்டும் தெரிந்தால் தேவை தெரிந்த மாதிரிதான். பெண் பார்க்கும் முன்பே மண்டபம் பிடித்துவிடுங்கள். மண்டபத்துக்கு ஏற்ற மாதிரி பிறகு பெண் பார்த்துக்கொள்ளலாம்.

2. பக்கத்தில் இருப்பதைவிட ஒன்று கூடக் கேளுங்கள்.
திருச்சி என்.ஐ.டி.க்கு 2022-இல் வந்த ‘பரம் பொருள்’ சூப்பர் கம்ப்யூட்டரின் வேகம் 838 டெராஃப்ளாப்ஸ். ஆகவே உங்கள் தேவை 839. அந்த மெஷினைத் தந்த தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் மிஷன் 2015-இல் 4,500 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்டது. கல்வி நிறுவனங்களின் சூப்பர் கம்ப்யூட்டர்களை ஒரே வலையில் இணைப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. இதையெல்லாம் குழுவில் பேசாதீர்கள். ‘அங்கேயே ஒரு அக்கவுன்ட் வாங்க முடியுமா?’ என்று யாராவது கேட்டுவிட்டால் டெண்டர் கெட்டது.

3. சர்வே எடுங்கள், கேள்வி ஒன்றே ஒன்று இருக்கட்டும்.
‘எத்தனை கோர் வேண்டும்?’ என்று எல்லாத் துறைகளுக்கும் மெயில் தட்டுங்கள். பாதி வெட்டிவிடுவீர்கள் என்று நினைத்து ஒவ்வொருவரும் இரட்டிப்பாகச் சொல்வார்கள். வெட்டாமல் அப்படியே கூட்டுங்கள். மரபணு வரிசைகளைக் கோர்ப்பவருக்கு வேண்டியது நினைவகம். வானிலை மாதிரி ஓட்டுபவருக்கு நோடுகளுக்கு இடையே வேகமான நெட்வொர்க் வேண்டும். ஓலைச்சுவடிப் படங்களைக் கணினியால் வாசிப்பவருக்கு ஆயிரக்கணக்கான குட்டி ஜாப்கள்; சாதாரண சர்வர்களே போதும். மூவருக்கும் ஒரே மாதிரி நோடு வாங்கிக் கொடுங்கள். சமத்துவம் முக்கியம்.

4. பழைய கிளஸ்டரின் பதிவைத் திறக்காதீர்கள்.
ஜாப்களை வரிசைப்படுத்தும் ‘ஸ்லர்ம்’ மென்பொருளைப் போட்டிருந்தால், எந்த ஜாப் எத்தனை மணி நேரம் கியூவில் கிடந்தது, எவ்வளவு கேட்டது, எவ்வளவு பயன்படுத்தியது என்பதெல்லாம் அதில் பதிந்திருக்கும். ஆபத்தான தகவல்! 40 கோர் கேட்டு ஓடும் ஒரு ஜாப்பின் நோடுக்குள் போய் ‘டாப்’ கமாண்ட் அடித்தால் ஒரு கோர் நூறு சதவீதத்தில் திணறிக்கொண்டிருக்கும். மற்ற 39 கோர்களும் தூங்கும். சீனியர் கொடுத்த ஸ்கிரிப்டில் எண்ணை மட்டும் மாற்றியிருப்பார் மாணவர். புரோகிராம் அதே பழைய ஒற்றைக் கோர் புரோகிராம்தான். இதைப் பார்த்தால் பயிற்சி வகுப்பு வைக்கத் தோன்றும். வகுப்புக்கு ரிப்பன் வெட்ட யாரும் வரமாட்டார்கள்.

5. அம்டாலை மறந்துவிடுங்கள்.
புரோகிராமில் 5 சதவீதம் வரிசையாகத்தான் ஓடியாக வேண்டும் என்றால், எத்தனை கோர் போட்டாலும் வேகம் 20 மடங்கைத் தாண்டாது. 1967-இல் ஜீன் அம்டால் வைத்த வாதம் இது. அந்தக் கணக்குப்படி 40 கோரில் பதின்மூன்றரை மடங்கு வேகம். 400 கோர் கொடுத்தால் 19 மடங்கு. பத்து மடங்கு செலவில் ஒன்றரை மடங்குகூட லாபமில்லை. நீங்கள் 400-ஐயே எழுதுங்கள். அறிக்கையில் பார்க்க நன்றாயிருக்கும்.

6. எல்லா ஜாப்புக்கும் ஏழு நாள் கேட்கச் சொல்லுங்கள்.
இரண்டு மணி நேர வேலையாக இருந்தாலும் ஏழு நாள். பெரிய ஜாப்களுக்கு இடையே உள்ள சந்துகளில் சின்ன ஜாப்களை நுழைக்கத்தான் ஸ்லர்ம் பார்க்கும். எல்லோரும் ஏழு நாள் கேட்டால் எதையும் எங்கேயும் நுழைக்க முடியாது. நோடு காலியாக இருக்கும், கியூ நீளும். அந்த நீளத்தைப் படம் பிடித்து அறிக்கையில் ஒட்டுங்கள். தேவைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

7. மெஷினுக்கு மட்டும் பட்ஜெட் போடுங்கள்.
குடிக்கிற மின்சாரம் முழுவதையும் சர்வர் வெப்பமாகத்தான் கக்கும். எட்டு ஏ100 ஜி.பி.யு. கொண்ட என்விடியா டி.ஜி.எக்ஸ். சர்வர் ஒன்று உச்சத்தில் 6.5 கிலோவாட் இழுக்கும். ஒன்றரை டன் ஏசி வெளியேற்றுவது 5.3 கிலோவாட் அளவுக்குத்தான். ஒரு சர்வருக்கே ஒரு ஏசி பத்தாது. பரவாயில்லை, ஸ்டோர் ரூமில் இரண்டு டேபிள் ஃபேன் இருக்கும். சிஸ்டம் அட்மின் பதவியை ஒப்பந்தத்தில் போட்டு, விடுதி வைஃபை, செமினார் ஹால் புரொஜெக்டர் இரண்டையும் சேர்த்து அவர் தலையில் கட்டுங்கள். ஏ.எம்.சி., பேக்கப், சாஃப்ட்வேர் லைசென்ஸ் எல்லாம் அடுத்த குழுவின் பாடு.

8. வெற்றியைச் சரியாக அளவிடுங்கள்.
எத்தனை ஆய்வு முடிந்தது என்று எண்ணாதீர்கள். எத்தனை நோடு ‘பிஸி’ என்று மட்டும் எண்ணுங்கள். தூங்கும் 39 கோர்களும் அந்தக் கணக்கில் பிஸிதான். அப்படிப் பார்த்தால் மெஷின் எப்போதும் நிரம்பி வழியும்; பயன்பாட்டுச் சான்றிதழ் கையெழுத்தாகும்போதே அடுத்த மெஷினுக்கான கோப்பையும் நகர்த்திவிடலாம்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. ஏதாவது ஒரு ஆராய்ச்சி மாணவி வந்து, ‘சார், என் ஜாப் ஏன் நாலு நாளா பென்டிங்லயே இருக்கு?’ என்று கேட்பார். ‘கிளஸ்டர் பத்தலம்மா, புதுசு வருது’ என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். தப்பித்தவறியும் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, அவருடைய ஸ்கிரிப்டை வரி வரியாகப் படித்துவிடாதீர்கள். ஒரு மணி நேரத்தில் உண்மையான தேவை என்னவென்று உங்களுக்குத் தெரிந்துபோகும். அப்புறம் எந்த முகத்தோடு டெண்டர் விடுவீர்கள்?